திறந்த வலைப்பின்னல் அடுத்தவர் வாசலுக்கு மட்டும்தானா? இணையத் தொலைபேசி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையத் தொலைபேசிச் சேவை நடத்தும் நிறுவனங்களுக்கும், அவற்றின் சார்பில் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு மனு எழுதும் கொள்கைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

அழைப்பு ஏன் பாதியில் அறுந்தது, ஏன் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது என்று, இணையத்தில் போகும் தகவல் துண்டுகளான பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்துக் காரணம் சொல்வது எங்கள் தொழில். இணைய அழைப்பை நடத்தும் எஸ்ஐபி என்ற பொது நெறிமுறையில் ஓடும் சர்வர்களை நிறுவுகிறோம், மேசைத் தொலைபேசிகளை இணையத்தோடு இணைக்கிறோம், நீங்கள் விற்கும் சேவையை அலுவலகங்களில் ஓட வைக்கிறோம். அதனால் உங்களின் இரண்டு பேச்சும் எங்கள் காதில் விழுகிறது. "வலைப்பின்னல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்" என்று ஆணையத்துக்கு எழுதுகிறீர்கள். உங்கள் சேவைக்குள் வேறொருவர் தயாரித்த கருவியோடு நுழைந்தால், உங்கள் சர்வர் "403 ஃபர்பிடன்", அதாவது அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. மனுவும் உங்களுடையது, 403ம் உங்களுடையது.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்தவரிடம் எந்தத் திறப்பைக் கேட்கிறீர்களோ, அதே திறப்பை உங்கள் வாசலிலும் செய்யுங்கள். அது எந்தெந்த இடத்தில், எப்படி என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். இணையத் தொலைபேசிக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் எப்போதோ பொதுவில் எழுதி வைக்கப்பட்டுவிட்டது. குரலைச் சுமக்கும் ஆர்டிபி 1996இல் வந்தது. தொலைபேசி எண்ணிலிருந்து இணைய முகவரியைக் கண்டுபிடிக்கும் இ-நம் முறை 2000இல் வந்தது. அழைப்பைத் தொடங்கி நடத்தி முடிக்கும் எஸ்ஐபியின் இன்றைய வடிவம் 2002 ஜூனில், இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 3261 ஆக வந்தது. குரலைச் சுருக்கி விரிக்கும் முறையான கோடெக்குகளில், 2012இல் வெளியான ஓப்பஸை உரிமத்தொகை கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம். அதன் பாதி ஸ்கைப் நிறுவனத்தின் சில்க் கோடெக்கிலிருந்தும், மறுபாதி ஸிஃப் (Xiph) அமைப்பின் செல்ட் கோடெக்கிலிருந்தும் உருவானது. ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் இன்னொரு நிறுவனத்தின் சந்தாதாரரை, மின்னஞ்சல் அனுப்புவது போல நேராக அழைக்க வேண்டிய எல்லாமே கையில் இருக்கிறது. அழைக்க முடியவில்லை என்றால் அது உங்கள் முடிவு.

இந்த இரட்டை அளவுகோல் அப்பட்டமாக வெளிவந்த ஆண்டு 2009. அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று ஏடி அண்ட் டி நிறுவனம் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. கூகுளின் தொலைபேசிச் சேவையான கூகுள் வாய்ஸ் சில கிராமப்புற எண்களுக்கு அழைப்பை இணைக்க மறுக்கிறது. இணையம் திறந்திருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கூகுள் இப்படிச் செய்யலாமா என்பது குற்றச்சாட்டு. மறுத்தது உண்மைதான். அக்டோபரில் கூகுள் கொடுத்த விளக்கத்தில், நூற்றுக்கும் குறைவான குறிப்பிட்ட எண்களைத்தான் தடுத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டது.

தடுத்ததற்குக் காரணம் பணம். அன்றைய அமெரிக்க விதிப்படி, ஓர் அழைப்பைத் தொடங்கும் நிறுவனம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் உள்ளூர் நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் கொடுக்க வேண்டும். சந்தாதாரர் குறைவாக உள்ள கிராமப்புற நிலையங்களுக்கு அந்தக் கட்டணம் அதிகம். சில நிலையங்கள் இலவச மாநாட்டு அழைப்பு எண்களையும் அரட்டை எண்களையும் தங்களிடம் குடியேற்றி, ஊர் மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவு அழைப்புகளை வரவழைத்து, கிடைத்த கட்டணத்தைப் பங்கு பிரித்துக்கொண்டன. பழைய தொலைபேசி நிறுவனங்கள் இதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட எண்களையும் தடுக்கக் கூடாது என்று 2007 ஜூனில் எஃப்சிசி தெளிவாகச் சொல்லியிருந்தது. கூகுளோ, நாங்கள் தொலைபேசி நிறுவனமே அல்ல, வெறும் மென்பொருள் என்றது. தொலைபேசி எண் கொடுத்து, அழைப்பை இணைத்து, வெளிநாட்டு அழைப்புக்குக் காசு வாங்கும் ஒரு சேவை, கடமை என்று வந்தவுடன் மென்பொருளாக மாறிக்கொண்டது.

அப்படியானால் ஏடி அண்ட் டி நியாயவானா? அதே செப்டம்பரில் அதன் 3ஜி வலைப்பின்னலில் ஐபோனிலிருந்து இணைய அழைப்பு செய்ய முடியாது. ஏடி அண்ட் டியின் அனுமதி இல்லாமல் அதன் செல்பேசி வலைப்பின்னலில் இணைய அழைப்பு வசதியைச் சேர்க்க மாட்டோம் என்ற ஒப்பந்தம் இருப்பதை, ஆகஸ்ட் 21 அன்று எஃப்சிசிக்கு அளித்த பதிலில் ஆப்பிளே எழுதியிருந்தது. அந்தத் தடை விலகியது அக்டோபர் 6 அன்று. அதாவது கூகுளைக் குற்றம் சாட்டிய 11 நாள் கழித்து. ஆப்பிள் தன் பங்குக்குக் கூகுள் வாய்ஸ் செயலியைத் தன் கடைக்குள் விடவில்லை. 2010 நவம்பரில்தான் விட்டது. மூன்று நிறுவனங்களும் ஒரே காலத்தில், ஒரே வகைச் சேவையை, வெவ்வேறு இடத்தில் அடைத்து வைத்திருந்தன. மூன்றும் அடுத்தவர் கதவைத்தான் சுட்டிக் காட்டின. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதற்கு அப்படியே பொருந்தும்.

2007 பிப்ரவரியில் ஸ்கைப் எஃப்சிசிக்குக் கொடுத்த மனுவையும் நினைவூட்ட வேண்டும். அது கார்ட்டர்ஃபோன் தீர்ப்பின் மேல் எழுப்பப்பட்ட மனு. தொலைபேசி வலைப்பின்னலுக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் பயனர் தன் இணைப்பில் பொருத்தலாம் என்று 1968இல் எஃப்சிசி தீர்ப்பளித்தது. பின்னாளில் மோடம், ஃபேக்ஸ், பதிலளிக்கும் இயந்திரம் எல்லாம் வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் ஏறியதற்கு வழிவிட்டது அதுதான். அந்த உரிமை செல்பேசி வலைப்பின்னலுக்கும் வேண்டும் என்று ஸ்கைப் கேட்டது. சரியான கோரிக்கை, இன்றும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் ஸ்கைப்பின் சொந்த வலைப்பின்னலில் ஸ்கைப் அனுமதித்த மென்பொருளைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. நெறிமுறை மறைக்கப்பட்டது, பிரித்துப் பார்ப்பது உரிம ஒப்பந்தத்தில் தடைசெய்யப்பட்டது. ஆஸ்டரிஸ்க் என்ற திறந்தமூலத் தொலைபேசி சர்வரோடு இணைய விற்கப்பட்ட அதிகாரபூர்வ இணைப்பான் 2011 ஜூலையில், மைக்ரோசாஃப்ட் ஸ்கைப்பை வாங்குவதாக அறிவித்த சில வாரங்களில், விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. 2025 மே 5 அன்று ஸ்கைப் மூடப்பட்டபோது, அதன் பயனர் பெயர்களை வேறொரு சர்வரில் உயிரோடு வைத்திருக்க யாருக்கும் வழியில்லை. கேட்ட திறப்பை ஸ்கைப் தானும் தந்திருந்தால் அந்த முகவரிகள் இன்றும் அழைக்கத்தக்கவையாக இருந்திருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 2010 ஜூன் 7 அன்று ஆப்பிளின் காணொளி அழைப்பான ஃபேஸ்டைமை மேடையில் அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், அதைத் திறந்த தரமாக்குவோம் என்றார். அதன் அடியில் ஓடுவது எஸ்ஐபியும் ஆர்டிபியும்தான், வாக்குறுதி நிறைவேறவில்லை. கூகுள் டாக் 2005இல் எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறையில் தொடங்கி, 2006இல் பிற சர்வர்களோடு கைகோத்து, அதற்காகப் பாராட்டும் பெற்றது. பயனர்கள் சேர்ந்த பிறகு 2013இல் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸ் வந்தது, அதற்குள் வெளி சர்வர்களுக்கு வழியில்லை. சிறியவனாக இருக்கும்போது திறந்த தரம், பெரியவனானதும் மதில்சுவர்.

இனி உங்கள் சேவை இன்று எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

நீங்கள் கொடுக்கும் ரவுட்டரின் பின்புறத்தில் தொலைபேசி செருகும் துளை ஒன்று இருக்கும். அதன் உள்ளே ஓடுவது எஸ்ஐபி. ஐந்து விவரம் இருந்தால் அந்த எண்ணை எந்த எஸ்ஐபி கருவியிலும் ஓட்டலாம்: பயனர் பெயர், அங்கீகாரப் பெயர், கடவுச்சொல், டொமைன், வெளிச்செல்லும் ப்ராக்ஸி முகவரி. இந்த ஐந்தையும் சந்தாதாரரிடம் தராமல், ரவுட்டரைத் தொலைவிலிருந்து அமைக்கும் டிஆர்-069 முறை வழியாக உங்கள் மேலாண்மை சர்வரிலிருந்து நேரே ரவுட்டருக்குள் எழுதுகிறீர்கள். ரவுட்டர் பக்கத்தைத் திறந்தால் கடவுச்சொல் இருக்கும் இடத்தில் புள்ளிகள். சில மாதிரிகளில் அந்தப் பக்கமே மறைந்திருக்கும். ரவுட்டர் பழுதானால் எண்ணும் செத்துப்போகும். வேறொரு நல்ல ரவுட்டரை வாங்கி வைத்தால் இணையம் வரும், தொலைபேசி வராது. எண் சந்தாதாரருடையது, மாதக் கட்டணம் சந்தாதாரருடையது, சாவி மட்டும் உங்களுடையது.

இதைத் திறக்கவே முடியாது என்று சொல்ல வழியில்லை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், இணைய அணுகல் விவரங்களையும் எஸ்ஐபி விவரங்களையும் கேட்காமலேயே எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். அங்கே வலைப்பின்னல் ஒன்றும் விழுந்துவிடவில்லை. கட்டாயப்படுத்திய இடத்தில் ஒரு கடிதத்தாளில் அச்சிட்டுக் கொடுக்கக்கூடியதைத்தான், கட்டாயம் இல்லாத இடத்தில் பாதுகாப்பு ரகசியம் என்கிறீர்கள்.

அடுத்தது ரவுட்டரில் இருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி, அதாவது ரவுட்டரைக் கடக்கும் எஸ்ஐபி செய்திகளில் முகவரிகளை மாற்றி எழுதும் நிரல். பயனர் உங்கள் இணைய இணைப்பில் வேறொரு நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையை வைத்தால் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

வீட்டுத் தொலைபேசியின் உள் முகவரி 192.168.1.23 என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து அழைப்பு வருகிறது, மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள். தொலைபேசி, எடுத்தாயிற்று என்று சொல்லும் "200 ஓகே" செய்தியை அனுப்புகிறது. அதில் "இனி என்னை இங்கே தொடர்பு கொள்" என்று சொல்லும் கான்டாக்ட் வரி ஒன்றும், "குரலை இங்கே அனுப்பு" என்று சொல்லும் எஸ்டிபி வரி ஒன்றும் உண்டு. ஏஎல்ஜி உதவி செய்வதாக நினைத்து இந்தச் செய்தியைப் பிரித்து முகவரிகளை மாற்றி எழுதுகிறது. முழுதாகச் செய்தால் பரவாயில்லை. பல ரவுட்டர்களில் அது எஸ்டிபியை மாற்றும், கான்டாக்டை விட்டுவிடும். அல்லது கான்டாக்டில் போர்ட் எண்ணைத் தவறாக எழுதும். அல்லது உடலின் நீளத்தை மாற்றிவிட்டு, நீளம் சொல்லும் தலைப்பு வரியைத் திருத்தாமல் விடும். கான்டாக்ட் தவறினால் மறுமுனை அனுப்பும் ஆக் என்ற ஒப்புகைச் செய்தி வீடு வந்து சேராது. குரல் மட்டும் இரு பக்கமும் நன்றாகக் கேட்கும். தொலைபேசியோ ஆக் வரவில்லையே என்று அதே "200 ஓகே"யை அரை வினாடி, 1 வினாடி, 2 வினாடி, பிறகு 4 வினாடிக்கு ஒருமுறை என்று திரும்பத் திரும்ப அனுப்பும். நெறிமுறையில் டி1 என்பது 500 மில்லிவினாடி. 64 மடங்கு டி1 ஆனதும் விட்டுவிட வேண்டும். 64 அரை வினாடி என்றால் 32 வினாடி. அந்த நொடியில் தொலைபேசியே பை என்ற முடிவுச் செய்தியை அனுப்பி அழைப்பை முடித்துவிடும்.

எடுத்த ஒவ்வொரு அழைப்பும் மிகச் சரியாக 32 வினாடியில் அறுகிறது என்று யாராவது சொன்னால், வேறெதையும் பார்க்காமல் ஆக் எங்கே தொலைகிறது என்றுதான் தேட வேண்டும். ஆனால் பயனருக்கு இது தெரியாது. "அந்தக் கம்பெனி ஃபோன் சரியில்லை" என்று உங்களிடமே திரும்பி வருவார். ஏனென்றால் உங்கள் சொந்தத் தொலைபேசிச் சேவைக்கு இந்தக் கோளாறே வராது: அது ரவுட்டருக்குள்ளேயே, விஎல்ஏஎன் என்ற தனித் தடம் வழியாக, வீட்டு உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் நேட்டைத் தொடாமல் போகிறது. போட்டியாளரின் அழைப்பு மட்டும் அந்த ஏஎல்ஜியின் கையில் சிக்குகிறது. வேண்டுமென்றே செய்ததாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஏஎல்ஜியை அணைக்கும் பொத்தானை அமைப்புப் பக்கத்திலிருந்து நீக்குவது வேண்டுமென்றே செய்ததுதான்.

திருத்தம் எளிது. தொழிற்சாலை அமைப்பிலேயே ஏஎல்ஜி அணைந்திருக்கட்டும். நேட்டைக் கடக்க வேண்டிய ஏற்பாடு சர்வர் பக்கத்தில் 2003 முதல் ஆர்எஃப்சி 3581இல் இருக்கிறது: பாக்கெட் எந்த முகவரி, எந்தப் போர்ட்டிலிருந்து வந்ததோ, அங்கேயே பதிலை அனுப்பு. அந்த ஆவணம் சொல்வது எஸ்ஐபி செய்திக்குத்தான், குரலுக்கும் அதையே செய்யுங்கள். கூடவே 5061 போர்ட்டில் டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்புக் கொடுங்கள். மறையாக்கம் செய்த செய்தியை எந்த ஏஎல்ஜியும் பிரிக்க முடியாது. மறையாக்கமில்லாத யுடிபி 5060 போர்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சேவைகள் இன்னும் இருக்கின்றன. அதில் இன்னொரு கேடும் உண்டு: கோடெக் பட்டியலும் அங்கீகார வரிகளும் சேர்ந்து, அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தி 1,500 பைட்டைத் தாண்டினால், பாக்கெட் இரண்டாக உடையும், இரண்டாவது துண்டைப் பல ஃபயர்வால்கள் எறிந்துவிடும், அழைப்பு மணியே அடிக்காது. 1,300 பைட்டுக்கு மேல் போனால் யுடிபியை விட்டு, துண்டுகளை ஒழுங்காகச் சேர்க்கும் டிசிபிக்கு மாறு என்று ஆர்எஃப்சி 3261 சொல்கிறது. டிசிபி கதவையே திறக்காத சர்வரிடம் எப்படி மாறுவது?

உள்வரும் அழைப்பு சில நேரம் மட்டும் வருவதில்லை என்ற புகாருக்கும் மூலம் இதே வட்டாரம்தான். நேட்டில் யுடிபி துளை குறைந்தது 2 நிமிடம் திறந்திருக்க வேண்டும் என்பது ஆர்எஃப்சி 4787இன் விதி. 30 வினாடியில் மூடும் ரவுட்டர்களைக் கொடுத்துவிட்டு, தொலைபேசி தன் இருப்பைச் சர்வரிடம் சொல்லும் பதிவுப் புதுப்பிப்பை 3,600 வினாடி என்று வைக்கிறீர்கள். இடைப்பட்ட நேரத்தில் வரும் இன்வைட் மூடிய கதவில் மோதித் திரும்பும். 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பினால் தீரும். சில சேவைகளில் அப்படி அனுப்பும் வெளிக் கருவியையே தாக்குதல் என்று கருதித் தடைப்பட்டியலில் போடுகிறார்கள். சரியாக 15 நிமிடத்தில் அறும் அழைப்புக்குக் காரணம் வேறு: 1,800 வினாடி அமர்வு நேரத்தின் பாதியில் போகும் புதுப்பிப்புச் செய்தி வழியில் தொலைகிறது.

இப்போது எண்ணுக்கு எண் இணைப்பு. இரண்டு நிறுவனங்களின் சந்தாதாரர்களும் இணையத்தில் இருக்கிறார்கள், இரண்டு தொலைபேசிகளும் ஜி.722 கோடெக்கில் பேசும், அதாவது 7,000 ஹெர்ட்ஸ் வரை குரலைக் கொண்டுபோகும். ஆனாலும் ஒருவர் மற்றவரை அழைத்தால் அழைப்பு உங்கள் கேட்வேயில் ஏறி, பழைய தொலைபேசி வலைப்பின்னலுக்குள் இறங்கி, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் நறுக்கப்பட்டு, மறுபக்கம் மீண்டும் இணையத்துக்கு ஏறுகிறது. "ஸ", "ஷ", "ஃப" எல்லாம் ஒன்றுபோல் கேட்பதற்குக் காரணம் இந்த நறுக்கல்தான். இடையில் இருமுறை கோடெக் மாற்றம், கூடுதல் தாமதம். அழைப்பவர் எண் போலி அல்ல என்று காட்டும் ஸ்டிர் ஷேக்கன் கையெழுத்தும் இந்தப் பழைய பாதையில் இறங்கிய இடத்தில் உதிர்ந்துவிடுகிறது. மோசடி அழைப்புகளைத் தடுக்கிறோம் என்று அறிக்கை விடும் நிறுவனம், அந்தக் கையெழுத்து பிழைத்துப் போகும் நேர் ஐபி இணைப்பைப் போட்டியாளருக்குத் தர மறுக்கிறது.

இதைத் தீர்க்கத்தான் இ-நம் வந்தது. எண்ணைத் தலைகீழாக்கி, இலக்கங்களுக்கு இடையில் புள்ளி வைத்து, கடைசியில் இ164.ஆர்பா என்று சேர்த்து இணையப் பெயர்ப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் கேட்டால், அந்த எண்ணின் எஸ்ஐபி முகவரி பதிலாக வர வேண்டும். பல எண்களுக்கு எதுவும் வராது, ஏனென்றால் நீங்கள் அங்கே எதையும் எழுதவில்லை. உங்களுக்குள் மட்டும் தனியார் இ-நம் பட்டியல் வைத்துப் பரிமாறிக்கொள்கிறீர்கள். தொழில்நுட்பம் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பொதுப் பட்டியலில் எழுதாததற்குக் காரணம், நேராக வரும் அழைப்புக்கு நிமிடக் கட்டணம் கிடைக்காது என்பதே. 2009இல் கிராமப்புற நிலையங்களிடம் இருந்த அதே நிமிடக் கட்டண ஆசை. அமெரிக்காவில் எஃப்சிசி 2011 நவம்பரில் அந்தக் கட்டணங்களைப் படிப்படியாகச் சுழியத்தை நோக்கிக் குறைக்க உத்தரவிட்டது. பல இடங்களில் அது இன்னும் வருமானம்.

செல்பேசிப் பக்கமும் இதே கதைதான். 4ஜியில் குரல் அழைப்பைக் கொண்டுபோகும் வோல்ட்டீ என்பதும் எஸ்ஐபிதான், ஆனால் எந்தக் கைபேசி மாதிரி பதிவு செய்யலாம் என்று நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி தன் 3ஜியை நிறுத்தியபோது, வோல்ட்டீ வன்பொருள் உள்ளே இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாத கைபேசிகள் பேச்சிழந்தன. அழைக்கும் திறன் கருவியில் இருந்தது, அனுமதி இல்லை.

நீங்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்புகள் எங்களுக்குத் தெரியும். அவற்றில் ஒன்று முழுக்க நியாயமானது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

எஸ்ஐபி விவரத்தை வெளியே கொடுத்தால் மோசடி நடக்கும் என்கிறீர்கள். நடக்கும். 5060 போர்ட்டைத் திறந்து வைத்த சர்வரை இணையத்தில் விட்டால் சில மணி நேரத்துக்குள் தேடும் நிரல்கள் வந்து 100, 101, 1000 என்று எண்களையும் எளிய கடவுச்சொற்களையும் முயன்று பார்க்கும். ஒன்று திறந்தால் இரவோடு இரவாகக் கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கும், திங்கட்கிழமை காலையில் பில் வரும். எங்களைவிட இதை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் இதற்கு மருந்து விவரத்தை மறைப்பதல்ல. கடவுச்சொல்லைப் பயனர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். 20 எழுத்துக்குக் குறையாத தற்செயல் கடவுச்சொல்லை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள், கருவிக்கு ஒன்றாக. வெளிநாட்டு அழைப்பு தொடக்கத்தில் அடைத்தே இருக்கட்டும், நாடு நாடாகப் பயனர் திறந்துகொள்ளட்டும். ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புக்கு மேல் வேண்டுமென்றால் கேட்டுப் பெறட்டும். நாளொன்றுக்குச் செலவு உச்சவரம்பு வையுங்கள். அதைத் தொட்டதும் அழைப்பை நிறுத்தித் தகவல் அனுப்புங்கள். கடவுச்சொல் சரிபார்ப்பில் பழைய எம்டி5 கணக்கீட்டுக்குப் பதில் வலிமையான ஷா-256 கொண்டு அங்கீகாரம் செய்ய 2020 முதல் ஆர்எஃப்சி 8760 இருக்கிறது. இவ்வளவையும் செய்த சேவையில் மோசடியின் இழப்பு அந்த நாள் உச்சவரம்பைத் தாண்டாது.

மற்ற நிறுவனத்தோடு இணைத்தால் முனைக்கு முனை மறையாக்கம் உடையும் என்று செயலி நிறுவனங்கள் சொல்கின்றன. மறையாக்கிய குரலைச் சுமக்கும் எஸ்ஆர்டிபிக்கு டிடிஎல்எஸ் வழியாகச் சாவி மாற்றிக்கொள்ளும் முறை 2010 முதலும், இரண்டு பேரும் நான்கு எழுத்தை வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டுக்கொள்ளும் இசட்ஆர்டிபி 2011 முதலும் பொதுவில் எழுதப்பட்டு இருக்கின்றன. இரண்டுமே நடுவிலிருக்கும் சர்வர் யாருடையது என்று பார்ப்பதில்லை. உலாவிக்குள் பேச உதவும் வெப்ஆர்டிசி தரத்தைப் பயன்படுத்துவதால் நாங்கள் ஏற்கெனவே திறந்தவர்கள் என்றும் சொல்லாதீர்கள். அந்தத் தரம் குரல் போகும் வழியை மட்டும் வரையறுத்து, அழைப்பைத் தொடங்கும் பகுதியை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. அந்த இடத்தில்தான் ஒவ்வொருவரும் தனித் தீவு கட்டியிருக்கிறீர்கள். ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் வாட்ஸ்அப்பையும் மெசஞ்சரையும் நடத்தும் மெட்டாவை 2023 செப்டம்பரில் சந்தையின் வாயிற்காப்போராக்கி, கேட்கும் பிற சேவைகளோடு குரல் அழைப்பையும் 4 ஆண்டுக்குள் இணைக்கச் சொல்லியிருக்கிறது. சட்டம் சொன்ன ஊரில் மட்டும், சொன்ன கடைசி நாளில் மட்டும் திறப்பதானால் அதற்குப் பெயர் கொள்கை அல்ல.

இணைய இணைப்பு விற்பவர்களின் மறுப்பு, அழைப்புகள் வலைப்பின்னலை அடைக்கின்றன என்பது. கணக்குப் போடுவோம். ஜி.711 கோடெக்கில் 20 மில்லிவினாடிக் குரல் 160 பைட். ஐபிக்கு 20, யுடிபிக்கு 8, ஆர்டிபிக்கு 12 என்று தலைப்பு 40 பைட். 200 பைட் பாக்கெட், வினாடிக்கு 50. ஒரு திசைக்கு 80 கிலோபிட், ஒரு மணி நேரத்துக்கு 36 எம்பி. ஓப்பஸை 24 கிலோபிட்டில் ஓட்டினால் தலைப்போடு சேர்த்து 40 கிலோபிட், மணிக்கு 18 எம்பி. 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு காணொளி அதே நேரத்தில் 2.25 ஜிபி விழுங்குகிறது. காணொளியைச் சேர்த்துத் திட்டம் விற்றுவிட்டு, குரலைப் பாரம் என்பது ஏற்கத்தக்கதல்ல. 2005இல் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம் வானேஜ் என்ற இணையத் தொலைபேசிச் சேவையின் அழைப்புகளுக்கான போர்ட்டை அடைத்து, எஃப்சிசி விசாரணையில் 15,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அடைத்ததற்கு நெரிசல் காரணமே அல்ல; அந்த நிறுவனம் தானே தொலைபேசிச் சேவை விற்றுக்கொண்டிருந்தது.

எனவே, அடுத்த மனுவை ஆணையத்துக்கு அனுப்பும் முன் உங்கள் பொறியாளர்களிடம் இவற்றைக் கேளுங்கள். நம் சந்தாதாரர் ஒருவர் தன் கணக்குப் பக்கத்தில் அந்த ஐந்து விவரத்தையும் பார்க்க முடியுமா? பயனரின் கருவி தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயரை வைத்து நம் சர்வர் யாரையாவது தள்ளுகிறதா? நாம் கொடுக்கும் ரவுட்டரில் ஏஎல்ஜியை அணைக்க முடியுமா? 5061 திறந்திருக்கிறதா? இன்னொரு நிறுவனம் நேர் ஐபி இணைப்புக் கேட்டால் எந்த முகவரிக்கு எழுத வேண்டும், எத்தனை நாளில் பதில், எந்த நிபந்தனை என்பது நம் தளத்தில் எழுதியிருக்கிறதா? எந்த எண்களுக்கு இணைப்பைத் தடுத்திருக்கிறோம், ஏன் என்ற பட்டியல் வெளியில் இருக்கிறதா?

பதில்களை மனுவின் இணைப்பாக வையுங்கள். ஆணையங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் அதுவே: திறப்பு கேட்டு வரும் எந்த நிறுவனத்திடமும், எதிர்த்து வரும் எந்த நிறுவனத்திடமும், இந்த இணைப்பு இல்லாத மனுவை வாங்காதீர்கள். ஐந்து விவரத்தைக் கணக்குப் பக்கத்தில் காட்டுவதற்குப் புதிய கருவியோ புதிய உரிமமோ தேவையில்லை. அவை உங்கள் மேலாண்மை சர்வரில் ஏற்கெனவே இருக்கின்றன, ஒவ்வொரு முறை ரவுட்டர் மறுதொடக்கம் ஆகும்போதும் அங்கிருந்துதான் இறங்குகின்றன.

இப்படிக்கு,
எஸ்ஐபி சர்வர்களை நிறுவிப் பராமரிப்பவர்கள்